பிரசங்கியின் மூச்சு

அம்மாவை அடக்கம் செய்த நாளில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆராதனை நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த உபதேசியார் ஒருவர் வேதாகமத்திலுள்ள பிரசங்கி புத்தகத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். "மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கி சொல்லுகிறான்." கணீரென்ற குரல். தெருமுனைவரை கேட்டிருக்கும். வாசித்து முடித்துவிட்டு, அம்மா 36 ஆண்டுகள் இட்லி விற்ற திண்ணையைக் கைநீட்டிக் காட்டினார். "இந்தத் தாயார் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பாடுபட்டிருப்பார்கள்! இன்றைக்கு அதெல்லாம் எங்கே? சமைத்தது மாயை, சம்பாதித்தது மாயை, ஓடி ஓடி உழைத்ததும் மாயை." கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். ஆறுதலுக்காகத்தான் அவர் சொன்னார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதுவரை வந்துகொண்டிருந்த என் அழுகை அந்த நிமிடத்தில் நின்றுவிட்டது. அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நின்றது.

அம்மா அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய தூக்குச்சட்டிகள் திண்ணையில் வரிசையாக இருக்கும். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்தாலும் மாவு ஊற்றிய தட்டை உடனே உள்ளே வைக்க மாட்டாள். "ஆவி வரட்டும்" என்பாள். மூடியின் விளிம்பில் வெள்ளைக் கோடாக ஆவி சீறி வந்த பிறகுதான் முதல் ஈடு உள்ளே போகும். அவளுடைய வலது மணிக்கட்டின் உட்புறத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு உண்டு. என்றோ ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் மூடியைத் தன் பக்கமாகச் சாய்த்துத் திறந்துவிட்டாள், ஆவி அடித்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் தோல் வெளிறி, வழுவழுப்பாக, ரேகை ஒன்றும் இல்லாமல் இருக்கும். சின்ன வயதில் பாடம் கேட்டுக்கொண்டே அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருப்பேன். பெட்டிக்குள் கை மடித்து வைத்திருந்தபோதும் அது தெரிந்தது. அதை எப்படி மாயை என்று சொல்வது?

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு சொல் தனக்குரிய இடத்தில் இல்லாவிட்டால் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். துக்க வீட்டின் சந்தடி அடங்கி வேலைக்குத் திரும்பிய பிறகும் என் கண் அந்த வசனத்தைவிட்டு நகரவில்லை. பிரசங்கி உண்மையில் என்ன சொன்னார்? அவர் எழுதிய சொல் எது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் எபிரேய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன்.

மூன்றே எழுத்து

ஹே, பேத், லாமேத். மூன்று எழுத்துகள். ஹெவெல். இதுதான் அந்தச் சொல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தைச் சொல்லும்போதே நெஞ்சிலிருந்து காற்று வெளியே போகிறது. குளிர்ந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னால் அதில் பனி படரும். சொல்லின் பொருளும் அதுதான்: வாயிலிருந்து வெளிவரும் மூச்சு, ஆவி, சற்றே தோன்றிக் கலைந்துபோகிற ஈரக்காற்று. ஏசாயா தீர்க்கதரிசி விக்கிரகங்களைப் பற்றிப் பேசும் ஓர் இடத்தில் (57:13) 'காற்று அவற்றை அடித்துக்கொண்டு போகும், ஹெவெல் அவற்றை எடுத்துக்கொண்டு போகும்' என்று இரண்டையும் இணையாக வைக்கிறார். பெருங்காற்றுகூட வேண்டாம், ஒரு மூச்சு விட்டாலே போதும், பறந்துபோகும் என்று பொருள். மூச்சு என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த வரிக்கு உயிர் வருகிறது. நம் பழைய தமிழ்த் திருப்புதலில், அதாவது மொழிபெயர்ப்பில், அங்கேயும் மாயைதான் இருக்கிறது.

பிரசங்கியில் இந்தச் சொல் 38 முறை வருகிறது. முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் மட்டும் ஐந்து முறை: 'ஹவேல் ஹவாலீம் அமர் கோஹெலெத், ஹவேல் ஹவாலீம், ஹக்கோல் ஹாவெல்.' ஹவேல் ஹவாலீம் என்பது எபிரேயர் ஒன்றை உச்சத்தில் வைத்துச் சொல்லும் முறை. உன்னதப்பாட்டின் பெயரும் மகா பரிசுத்த ஸ்தலத்தின் பெயரும் இதே அமைப்பில் அமைந்தவைதாம்: பாட்டுகளின் பாட்டு, பரிசுத்தங்களின் பரிசுத்தம். அப்படியானால் இது மூச்சுகளிலெல்லாம் மெல்லிய மூச்சு. ஐந்து முறை அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசிக்கிறவனுக்கே மூச்சு தீர்ந்துவிடுகிறது. எழுதியவர் காதுக்காக எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நாம் வைத்திருக்கும் மாயை என்ற சொல் வெறும் சொல் அல்ல. அதற்குப் பெரிய குடும்பம் இருக்கிறது. கயிற்றைப் பாம்பென்று கண்டதுபோல உலகத்தை மெய்யென்று கண்டுகொண்டிருக்கிறோம் என்னும் வேதாந்தப் பேச்சு அதன் பின்னால் நிற்கிறது. சைவ சித்தாந்தத்திலோ மாயை பொய்ப்பொருளே அல்ல. ஆணவம், கன்மத்தோடு எண்ணப்படும், உயிரைப் பிணிக்கும் மூன்றாவது மலம், உலகம் தோன்றுவதற்கு முதற்காரணமான உள்பொருள். இத்தனை நுணுக்கமும் தெருவில் நடக்கிற மனிதனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவனுக்கு மாயை என்றால் இருப்பதுபோல் தோன்றி இல்லாமற்போவது, கண்கட்டு. எங்கள் வாசலில் நின்ற உபதேசியாருக்கும் அந்தப் பொருள்தான் கிடைத்தது. 'இதெல்லாம் மெய்யல்ல' என்று அவர் சொன்னது அந்தச் சொல்லுக்கு நேர்மையான விளக்கம். ஆனால் எபிரேயச் சொல்லுக்கு அது விளக்கம் அல்ல. ஆவி பொய்யல்ல. பிடிக்க முடியாது, பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது, நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. ஆனால் இருக்கிறது, இட்லியை வேகவைக்கிறது, கையைச் சுடுகிறது.

பேசாத தம்பி

இந்த மூன்று எழுத்துகளை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது பிரசங்கியில் அல்ல, ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தில். பயிற்சிக்காக எளிய கதைப் பகுதிகளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஏவாள் மூத்த மகனைப் பெற்றபோது பெயருக்குக் காரணம் சொல்கிறாள்: 'கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்.' பெற்றேன் என்ற எபிரேய வினையும் காயீன் என்ற பெயரும் ஒலியால் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த வசனத்தில் தம்பி பிறக்கிறான். அவன் பெயருக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. ஹே, பேத், லாமேத். விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது ஆண்டுகளாக ஆபேல் என்று நான் சொல்லிவந்தவனின் பெயர் ஹெவெல். மூச்சு.

கிரேக்கத்தின் வழியாக வந்தபோது பெயர் ஆபேல் ஆகிவிட்டது. நம் காதுக்குப் பிரசங்கியோடு எந்தச் சம்பந்தமும் தெரியாது. எபிரேயத்தில் வாசிக்கிற குழந்தைக்கோ இரண்டும் ஒரே எழுத்துகள்தாம். அந்தக் கண்ணோடு கதையைத் திரும்ப வாசித்தேன். அந்தத் தம்பி கதை முழுவதிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆடு மேய்க்கிறான், காணிக்கை கொண்டுவருகிறான், கொல்லப்படுகிறான். காயீன் பேசுகிறான், கடவுளோடு வாதாடுகிறான், ஊரைக் கட்டுகிறான், சந்ததி பெறுகிறான். ஹெவெல் வருகிறான், போகிறான். அவனுக்குக் குரல் கிடைப்பதே இறந்த பிறகுதான்: 'உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது.'

அப்படியானால் பிரசங்கி ஒவ்வொரு முறை அந்தச் சொல்லை எழுதும்போதும் வேதத்தின் முதல் மரணம் அதற்குள் இருக்கிறது. 7:15-ஐப் பாருங்கள்: 'என் மாயையின் நாட்களில் இவை எல்லாவற்றையும் பார்த்தேன், தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானுமுண்டு, தன் பாவத்திலே நீடித்திருக்கிற பாவியுமுண்டு.' என் ஹெவெலின் நாட்களில் என்று தொடங்கி, நல்லவன் அழிவதையும் பாவி நீடித்திருப்பதையும் சொல்கிறார். இது அண்ணன் தம்பி கதையேதான். மாயையின் நாட்கள் என்று வாசிக்கும்போது இந்தக் கதவு திறப்பதில்லை. கெட்டுப்போன அந்த நீதிமான் கண்கட்டு அல்ல. அவன் இருந்தான். அவன் ஆடுகள் இருந்தன. இருந்தவன் இல்லாமற்போனதால்தான் பூமி கூப்பிடுகிறது.

'மாயையும் மனதுக்குச் சஞ்சலமும்' என்று அடிக்கடி சேர்ந்து வரும் தொடரிலும் இப்படி ஒரு சங்கதி மறைந்திருக்கிறது. மனதுக்குச் சஞ்சலம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் 'ரெஊத் ரூஆஹ்' இருக்கிறது. ரூஆஹ் என்றால் காற்று. முதல் சொல்லின் வேரைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விருப்பம் என்பார் உண்டு, மேய்த்தல் என்பார் உண்டு. எனக்கு மேய்த்தல்தான் மனதில் ஒட்டுகிறது. காற்றை மேய்ப்பது. ஓசியா 12:1-இல் நம் திருப்புதலே 'எப்பிராயீம் காற்றை மேய்ந்து' என்று அழகாகச் சொல்கிறது. ஹெவெல் என்று பெயர் கொண்ட ஒருவன் ஆடு மேய்த்தான். ஹெவெலைப் பற்றிப் பேசுகிற ஒருவர் மனிதர் காற்றை மேய்ப்பதைப் பார்க்கிறார். வயல்வெளியில் கையை விரித்துக்கொண்டு காற்றை ஓட்டிக்கொண்டு போகிற ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். மனச்சஞ்சலம் என்ற சொல் அந்தப் படத்தைத் துடைத்துவிட்டது.

அறிந்தே விட்டுவிட்ட ஒருவர்

மூச்சு எங்கே வெறுமையாக மாறியது என்று தேடிப்போனபோது, வேதத்தை லத்தீனில் பெயர்த்த துறவி ஜெரோம் வந்து நின்றார். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய யூத மொழிபெயர்ப்பாளர்கள் பயனின்மை என்ற பொருள்தரும் சொல்லைப் போட்டிருந்தார்கள். அதைப் பின்பற்றி லத்தீனில் வெறுமை வந்தது. அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் அந்த வெறுமை பரவியது. ஜெரோமின் லத்தீன் திருப்புதல்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேற்குத் திருச்சபையின் காதில் ஒலித்தது. அவருக்கு எபிரேயம் தெரியும். தெரியாமல் செய்தாரா?

தெரிந்தே செய்தார். 388-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெத்லகேமில் உட்கார்ந்து அவர் பிரசங்கிக்கு எழுதிய விளக்கவுரையில், எபிரேயச் சொல்லை எழுதிக்காட்டி, மற்ற கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஆவி என்று பெயர்த்திருக்கிறார்கள், விரைந்து கலைந்துபோகிற புகை, மெல்லிய காற்று என்று இதற்குப் பொருள் சொல்லலாம் என்று தாமே விளக்குகிறார். ஆனாலும் மக்கள் காதில் பழகிய வெறுமையை மாற்றவில்லை.

அந்த விளக்கவுரையின் முன்னுரையை வாசித்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. அதை அவர் பவுலா என்ற பெண்ணுக்கும் அவருடைய மகள் யூஸ்தோகியத்துக்கும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரோமில் பவுலாவின் மூத்த மகள் பிளசில்லாவுக்குப் பிரசங்கியை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த உலகத்தை அவள் துச்சமாக எண்ணப் பழக வேண்டும் என்பதற்காக என்று தொடங்குகிறார். அவள் இளம் விதவை, வயது இருபதை ஒட்டி. நீங்கள் அருகில் இல்லாவிட்டாலும் நானே வாசித்துப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கவுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். எழுதத் தொடங்குவதற்குள் அவள் இறந்துவிட்டாள். அது 384. கடும் நோன்பு அவளைக் கொன்றுவிட்டது என்று ரோமில் பலர் பேசினார்கள். அடுத்த ஆண்டே ஜெரோம் ரோமை விட்டுப் போனார்.

இருபது வயதுப் பெண்ணுக்கு உலகம் ஒன்றுமில்லை என்று வாசித்துக் காட்டியவர், அவள் மூச்சு நின்ற பிறகு அந்தப் புத்தகத்தை மறுபடி திறந்து, அந்தச் சொல்லுக்கு மூச்சு என்று பொருள் எழுதுகிறார். எழுதும்போது அவருக்கு என்ன தோன்றியது என்று அவர் சொல்லவில்லை. நான் அந்த வரியைப் படித்த இரவு தூங்கவில்லை. எங்கள் வாசலில் நின்ற உபதேசியாரும், ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முந்திய இந்தத் துறவியும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்: துக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று, துக்கப்படுகிற பொருளையே குறைத்துவிட்டார்கள். இழந்தது ஒன்றுமில்லை என்று சொன்னால் அழ வேண்டியதில்லை அல்லவா? எனக்கு அழ வேண்டியிருந்தது.

ஒரே வசனம், இரண்டு சொல்

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூலத்தில் ஒரே சொல் இருக்க, படியில் அது ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் வந்தால், ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைப்போம். பிரசங்கியின் 38 இடங்களையும் தமிழோடு ஒப்பிட்டு இப்படித்தான் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன். மாயை, மாயை, மாயை. நிழலைப்போன்ற மாயை. இளவயதும் வாலிபமும் மாயை. இந்த இடத்தில் (11:10) கொஞ்சம் நின்றேன். வாலிபம் என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல்லைக் கருமை என்ற வேரோடு இணைத்து, கருத்த கூந்தலுள்ள பருவம் என்று பொருள் கொள்வார்கள். கருத்த கூந்தல் பொய்யா? அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்றில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் இருக்கிறது. அது இருந்தது. போய்விட்டது. நாலடியார் எடுத்த எடுப்பிலேயே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரம் வைக்கிறது. இளமை பொய் என்று அது சொல்லவில்லை, நிற்காது என்கிறது. இந்த நினைப்போடு ஒன்பதாம் அதிகாரத்துக்குத் திரும்பினேன்.

9:9. 'சூரியனுக்குக்கீழே தேவன் உனக்கு நியமித்திருக்கிற மாயையான நாட்களிலெல்லாம் நீ நேசிக்கிற மனைவியோடே நிலையில்லாத இந்த ஜீவவாழ்வை அநுபவி.' சிறுவயது முதல் திருமண ஆராதனைகளில் கேட்டுப் பழகிய வசனம். எபிரேயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த வசனத்தில் ஹெவெல் இரண்டு முறை வருகிறது. ஒன்றைத் தமிழில் 'மாயையான' என்று வைத்திருக்கிறார்கள். மற்றதை 'நிலையில்லாத' என்று வைத்திருக்கிறார்கள்.

பென்சிலை வைத்துவிட்டேன். 1871-இல் வெளிவந்த இந்தத் திருப்புதலைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தாம் நேசிக்கிற பெண்ணோடு வாழ்வை அனுபவி என்று சொல்லிவிட்டு, அந்த வாழ்வைப் பொய் என்று சொல்ல அவர்களுக்கே கை வரவில்லை. அதே சொல்லுக்கு, அதே வசனத்தில், தமிழ் தன் சொந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறது. இதைப் பிழை என்று கோடு போடவேண்டியவன் நான். போட முடியவில்லை. அது அந்தப் புத்தகம் முழுவதற்கும் கொடுத்த திறவுகோலாகத் தெரிந்தது. பிறகு நீதிமொழிகளையும் புரட்டினேன். 21:6-இல் பொய்நாவினால் சேர்க்கும் பொருளை 'சாவைத் தேடுகிறவர்கள் விடுஞ்சுவாசம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். அங்கே இருப்பதும் ஹெவெல்தான். சுவாசம் என்று ஓரிடத்தில், நிலையில்லாதது என்று ஓரிடத்தில். பிரசங்கியின் வாசற்படியில் மட்டும் மாயை.

ஏன் ஆவி என்று போட்டிருக்கக் கூடாது என்று யோசித்துப் பார்த்தேன். கொப்பரையிலிருந்து வருவதும் ஆவி, மனிதனிடமிருந்து கடைசியாகப் பிரிவதும் ஆவி. ஹெவெலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ரூஆஹுக்குக் கொடுத்துவிட்டார்கள். பரிசுத்த ஆவி என்று சொல்லிப் பழகிய சபையில் 'எல்லாம் ஆவி' என்று வாசித்தால் யாருக்கு என்ன புரியும்? அவர்கள் சிக்கல் எனக்குப் புரிகிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'வீண், முற்றிலும் வீண்' என்று போட்டது. மாயையைவிட அது தெளிவு. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. விக்கிரகங்களைப் பற்றிச் சொல்லும்போது, பொருள் குவிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, வீண் என்பது பொருந்துகிறது. நீதிமானுக்குத் துன்மார்க்கனின் பலன் கிடைக்கிறது என்னும் இடத்தில் (8:14) வீண் பொருந்தாது. அங்கே ஹெவெல் என்றால் கைக்கு அகப்படாதது, காரணம் தெரியாதது, ஆவி மூடிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. நேசிக்கிற மனைவியோடு கழியும் நாட்களுக்கு வீண் என்று யார் சொல்வார்? பிரசங்கி இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார். எந்த ஒரு தமிழ்ச்சொல்லும் 38 இடங்களையும் தாங்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் தாங்காத சொற்களிலும் துக்க வீட்டில் சொல்லத் தகுந்தது, தகாதது என்று உண்டு.

வாயிலிருந்து வரும் மூச்சு

யூதர்கள் இந்தப் புத்தகத்தை எப்போது வாசிக்கிறார்கள் தெரியுமா? துக்க நாளில் அல்ல. ஐரோப்பிய வழி யூதர்களின் ஜெப ஆலயங்களில் கூடாரப் பண்டிகை வாரத்தின் ஓய்வுநாளில் வாசிக்கிறார்கள். அறுவடை வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் காலம். அவர்கள் ஜெபங்களில் அந்தப் பண்டிகைக்கு 'நம் மகிழ்ச்சியின் காலம்' என்றே பெயர். ஏழு நாட்கள் வீட்டை விட்டு வெளியே குடிசை போட்டு அதில் உண்கிறார்கள். கூரைக்கு இலைதழைகள்தாம், இராத்திரியில் நிமிர்ந்தால் இடைவெளியில் நட்சத்திரம் தெரியலாம், மழை வந்தால் ஒழுகும். அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்துச் சந்தோஷப்படுகிற வாரத்தில் ஹவேல் ஹவாலீம் என்று வாசிக்கிறார்கள். குடிசை பொய் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஏழு நாளும் சாப்பாடு அங்கேதான்.

யூத ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில், சப்பாத் என்ற பகுதியில், ரேஷ் லாக்கீஷ் என்ற ரபி ஒரு வார்த்தை சொல்கிறார்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் ஹெவெலினால் மட்டுமே உலகம் நிலைத்திருக்கிறது. அதே சொல். ஹே, பேத், லாமேத். உடனே ராவ் பாப்பா என்பவர் தம் ஆசிரியர் அபாயேயிடம் கேட்கிறார்: அப்படியானால் என்னுடையதும் உங்களுடையதும் என்ன ஆயிற்று? பாவம் உள்ள மூச்சும் பாவம் இல்லாத மூச்சும் ஒன்றாகுமா என்கிறார் அபாயே. தேவாலயம் கட்டுவதற்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்று அதே பக்கத்தில் தொடர்ந்து வருகிறது. எல்லாம் ஹெவெல் என்று ஒருவர் சொல்லிச் சென்ற உலகத்தை, அதே ஹெவெலின் மேல் தூக்கி நிறுத்துகிறார்கள் அவருடைய வாரிசுகள். குழந்தைகள் சேர்ந்து வாய்விட்டுப் பாடம் படிக்கும்போது எழுகிற சூடான காற்று. அம்மா எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான். அவளுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. அதனால் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுத் திருத்துவாள். அடுத்த ஈடு வேகும்வரை ஒரு பக்கம். மார்கழியில் என் வாய்மூச்சும் கொப்பரையின் ஆவியும் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் ஒன்றாகக் கலந்து மேலே போவதைப் பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறேன்.

போன மாதம் அம்மாவின் முதலாண்டு நினைவு ஜெபம். வெளியாள் யாரையும் அழைக்க வேண்டாம், வேதபாடத்தை நீயே வாசி என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் பிரசங்கியைத்தான் எடுத்தேன், ஒன்பதாம் அதிகாரம், ஏழு முதல் ஒன்பது வரை. 'நீ போய், உன் ஆகாரத்தைச் சந்தோஷத்துடன் புசித்து' என்று தொடங்குகிற இடம். அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வார்த்தையை ஒரு துக்க வீட்டில் நான் மாற்றக் கூடாது. மாயையான நாட்களிலெல்லாம் என்று வாசித்தேன். நிலையில்லாத இந்த ஜீவவாழ்வை என்ற இடம் வந்தபோது குரல் நின்றுவிட்டது. ஓராண்டாக வராத அழுகை வந்தது. சித்தி எழுந்து வந்து தோளில் கைவைத்தாள். பிறகு மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

ஜெபம் முடிந்ததும் பின்கட்டில் அக்கா அம்மாவின் கொப்பரையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். வந்திருந்த உறவினர்களுக்குக் காலை உணவு அதிலேதான் வேண்டும் என்பது அவள் பிடிவாதம். "நிலையில்லாத என்று வாசித்துவிட்டு நின்றுவிட்டாயே தம்பி, எழுத்து மறைத்ததா?" என்று கேட்டாள். "இல்லை அக்கா, அந்தச் சொல் நன்றாக இருந்தது" என்றேன். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூடியின் விளிம்பில் வெள்ளைக் கோடு சீறத் தொடங்கியது. நான் கைப்பிடித் துணியை எடுத்துக்கொண்டு மூடியைத் தொட்டேன். "உன் பக்கம் சாய்க்காதே, அந்தப் பக்கம் சாய்த்துத் திற" என்றாள், அம்மாவின் அதே குரலில். திறந்தேன். என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்து, சற்று நேரத்துக்கு எதுவும் தெரியவில்லை. அக்கா முதல் ஈட்டை உள்ளே இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.